வடிவு தடுக்கித் தடுக்கி வாசித்த வசனங்கள்

தச்சநல்லூர்,
12-8-1994.

அன்பு மகள் எப்சிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கர்த்தர் கொடுத்த அளவு சுகத்தோடு இருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீ குறைவில்லாத சுகத்தோடு இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். உன் கடிதம் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. இடது கையால் கம்பை ஊன்றி அடுப்படி வரைக்கும் நடந்து வருகிறாள், திரும்பும்போது மட்டும் நான் பின்னால் நிற்க வேண்டும். வலது கை மடங்கினது மடங்கினபடியே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நன்றாகப் போகிறது, குற்றாலத்துச் சாரல் இந்த வருஷம் இங்கே வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது, துணிதான் காயமாட்டேன் என்கிறது. நீ டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுத்துவிடாதே, குளிர்பெட்டியில் வைத்த தண்ணீரை அப்படியே குடிக்காதே, நர்ஸ் என்றால் நோய் வராது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

உன் கடிதத்தில் என் முழங்கால் வலியைப் பற்றி அரை வரி, உன் அம்மாவைப் பற்றி நாலு வரி, மீதிப் பக்கம் முழுவதும் வடிவு, வடிவு, வடிவு. வடிவு ஏன் வீட்டுக்கு வருவதில்லை, அப்பா அவளை ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டிருக்கிறாய். உனக்கு யார் இதை எழுதினது என்று நான் கேட்கப் போவதில்லை, அவளேதான் எழுதியிருப்பாள், அவளுக்குத்தான் இப்போது எழுத்து வந்துவிட்டதே. நான் ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். முப்பத்தாறு வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தவன், மற்றவர்கள் சொன்ன பொய் சாட்சியத்தையெல்லாம் உரக்க வாசித்தவன், சொந்த மகளுக்கு ஒரு பொய்யை ஒழுங்காக எழுத வரவில்லை. அதனால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், வாசித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் இரண்டு நாள் கழித்துத் திட்டு.

ஜனவரி கடைசியில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வாயும் கையும் நின்றபோது நீ லீவில் ஓடி வந்தாய், ஏப்ரலில் திரும்பிப் போகும்போது பின்தெருச் சுடலைவடிவைக் கூட்டி வந்து, இவள் பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி விட்டுவிட்டுப் போனாய். பீடி சுற்றுகிற சுளகை மடியில் வைத்துக்கொண்டே அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், வேலையில் குறை சொல்ல முடியாது, குளிப்பாட்டுவது, தலை சீவி விடுவது எல்லாம் சுத்தமாகச் செய்வாள். அது வரைக்கும் எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மற்றதை அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன்.

ஜெபத்தை நான் எப்படிச் செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். வேதாகமத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டி, சுகத்தைப் பற்றி, வியாதி நீங்குவதைப் பற்றி, ஊமையன் பேசுவதைப் பற்றி வருகிற வசனங்களில் முப்பத்தொன்றைப் பொறுக்கி ஒரு நீள நோட்டில் எழுதினேன். மாதத்தில் எத்தனை நாளோ அத்தனை வசனம். காலை ஆறு மணிக்கு அம்மாவுக்கு முகம் துடைத்து, காப்பி கொடுத்து, மாத்திரை கொடுத்து, அவள் வலது கையை என் கையில் வைத்துக்கொண்டு அன்றைய வசனம் இருக்கிற அதிகாரத்தை முழுதாக வாசிப்பேன். பிறகு வசனத்தை மூன்று தரம் சொல்லி ஜெபிப்பேன். சாயங்காலமும் அப்படியே. என் வாசிப்பைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனால் இருபத்தெட்டு வருஷமாக நம் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவன் நான், பண்டிகை நாளில் வேறு ஆளைப் போட்டால் சபையார் முகம் சுளிப்பார்கள். ஒரு எழுத்து பிசகாது, மூச்சு எங்கே விட வேண்டுமோ அங்கேதான் விடுவேன். அப்படி ஐந்து மாதம் வாசித்தேன் எப்சி. உன் அம்மா ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். முடிவில் ஒரு ஆமென்கூட வராது, உதடுகூட அசையாது. டாக்டர், பேச்சு வந்தாலும் வரலாம், ஆறு மாதத்துக்குள் ஒரு சொல்லாவது வந்துவிட்டால் நல்லது என்றார். நான் அந்த ஆறு மாதத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்னும் சத்தமாக வாசித்தேன்.

வடிவு அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தவள் அல்லவா, அங்கே கொடுத்த புத்தகங்கள் முடிந்துவிட்டன. ஒரு நாள் என்னிடம் வந்து, அய்யா அந்தப் பொஸ்தவமெல்லாம் தீந்துட்டு, டீச்சரம்மா வேதத்துல எளுத்து நல்லா பெரிசு பெரிசா கெடக்கு, கை கழுவிட்டு எடுத்து வாசிக்கட்டா என்று கேட்டாள். அம்மா ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்களே, அந்தப் பெரிய எழுத்து வேதாகமம்தான். ஒரு ஆத்துமா வேதத்தைக் கேட்கிறது, வேண்டாம் என்று சொல்லலாமா, சரி என்றேன். அவள் நம் சபைக்காரி இல்லை, கையில் சுடலை கோயில் கயிறு கட்டியிருக்கிறாள், ஆடிக் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தவள். அதெல்லாம் தெரிந்துதான் சரி என்றேன்.

ஜூலை நாலாம் தேதி நம் ஆலயத்துச் சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போய்விட்டு நாலு மணிக்குத் திரும்பினேன். வாசலில் குடையை மடக்கும்போது உள்ளே வடிவு வாசிக்கிற சத்தம் கேட்டது. அதை வாசிப்பு என்று சொல்வதா, ஒரு எழுத்தைத் தொட்டு, நின்று, அடுத்த எழுத்தைத் தொட்டு, இரண்டையும் ஒட்டிப் பார்த்து, ஒட்டாமல் பின்னால் போய், கேட்கிறவர்களுக்குப் பல் கூசும். என் நோட்டில் நாலாம் தேதிக்கு உள்ள அதிகாரம்தான், நான் காலையில் வாசித்துவிட்டு அடையாளம் வைத்திருந்த பக்கம். ஆரோக்கியம் என்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டாள். ஆ என்றாள், ரோ என்றாள், மறுபடியும் ஆ என்றாள். அப்போது இன்னொரு குரல், திரும்ப, என்றது. பாதி மடக்கின குடையோடு வாசலிலேயே நின்றேன். வடிவு திரும்பவும் முதலிலிருந்து எழுத்துக் கூட்டினாள், திரும்பவும் அங்கேயே நின்றாள். ஆ, ரோக், கியம், என்று அந்தக் குரல் மெதுவாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தது. உன் அம்மாவின் குரல்தான். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இடத்திலேயே முழங்கால் போட்டிருக்க வேண்டும். நான் போடவில்லை. நான் என்ன நினைத்தேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், என் வயிறு எரிந்தது எப்சி. ஐந்து மாதம் கையைப் பிடித்துக்கொண்டு வாசித்தவன் நான், எனக்கு வராத பேச்சு, எழுத்துக் கூட்டத் தெரியாதவளுக்கு வந்துவிட்டதே என்று எரிந்தது. ஆண்டவரே, இருபத்தெட்டு வருஷம் உம்முடைய வசனத்தைப் பிசகாமல் வாசித்தேனே, என் வாசிப்பு உமக்குக் கசந்துவிட்டதா, இவளுடைய தடுக்கல்தான் உமக்கு இனித்ததா என்று வாசலில் நின்றபடியே வழக்காடினேன். உள்ளே போய்ச் சிரித்த முகத்தோடு ஸ்தோத்திரம் என்று சொன்னேன். வடிவு அழுதுகொண்டிருந்தாள், அம்மா பேசிட்டாவ அய்யா, அம்மா பேசிட்டாவ என்று என் கையைப் பிடிக்க வந்துவிட்டு வெட்கப்பட்டு நின்றாள். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கு ஒரு தரம் சொல்லு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. அன்று சாயங்காலம் அதே அதிகாரத்தை என்னால் முடிந்த அளவு அழகாக வாசித்துக் காட்டினேன். அவள் முருங்கை மரத்தைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் வடிவு வாசிப்பதும், தடுக்குவதும், அம்மா ஒரு சொல் எடுத்துக் கொடுப்பதுமாக ஆனது. வடிவு என்று பேர் சொல்லிக்கூடக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் தலையாட்டல்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மேலப்பாளையம் நூர்முகம்மது ஆட்டோவில்தான் போகிறோம், அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, சார்வாள், டீச்சரம்மா வாயத் தொறந்தாவளாம்லா, அந்த வடிவுப் புள்ள கைராசிக்காரி, அவளெ விட்ராதீய என்றார். போதகர் ஐயாவும் அப்படித்தான் சொன்னார். கூட்ட ஜெபத்தில் வடிவுக்காக விசேஷமாக ஜெபித்தார்கள். முப்பத்தொரு வசனத்தைத் தேடி எடுத்தவன் ஒருவன் பின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஜூலை பதினாறாம் தேதி பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். பரிசுத்த வேதம் எழுத்துப் பழகுகிற புத்தகம் இல்லை, வாசிக்க வேண்டுமானால் இதை வாசி என்று வடிவிடம் செய்தித்தாளைக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். பாபநாசம் அணையில் எத்தனை அடி தண்ணீர், பாலம் எங்கே திறந்தார்கள் என்று அவள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள், தடுக்கினாள், நின்றாள், காத்திருந்தாள். அம்மாவுக்கு அதெல்லாம் மனப்பாடம் இல்லையே, எடுத்துக் கொடுக்க ஒன்றும் வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. நான் கட்டின பெண்டாட்டி, பேச வேண்டும் என்று ஐந்து மாதம் கண்ணீர் விட்டேனே, அவள் அன்று பேசாமல் இருந்ததற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். இதை எழுதத்தான் இரண்டு தாளைக் கிழித்தேன். மறுநாள் வடிவிடம், இனி நீ வர வேண்டாம், அம்மாவை நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். சரி அய்யா, அம்மா வேதத்துச் சங்கீதத்துல ஒரு பாடம் பாதில நிப்பாட்டி வச்சிருக்காவ, அத மட்டும் முடிச்சிட்டுப் போவட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் வீட்டில் என் குரல் மட்டும்தான். ஆறு மாதம் என்று டாக்டர் சொன்ன கெடுவும் முடிந்துவிட்டது. பயம் வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் நானும் தடுக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது, சிரிக்காதே. நல்லாத் தெரிந்த சங்கீதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பாதி வரியில் நிறுத்தி, எழுத்துத் தெரியாதவன் மாதிரி விரலை வைத்துக்கொண்டு, முக்கினேன், முனகினேன். உன் அம்மா முப்பத்திரண்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள், தெரிந்துகொண்டே தெரியாத மாதிரி நடிக்கிற பையன்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். இடது கையை நீட்டிப் புத்தகத்தை மூடிவிட்டாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், அலுப்பு.

பிறகு உன் கடிதம் வந்தது. வழக்கம்போல நானே வாசித்துக் காட்டினேன், நீ வடிவைப் பற்றிக் கேட்டிருந்த இடத்தை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்றுதான் நினைத்தேன், கோர்ட்டுப் பழக்கம், கண் பட்டதை வாய் வாசித்துவிட்டது. வடிவு என்ற பேரைக் கேட்டதும் அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆள் இல்லை என்று தெரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்தெருவுக்குப் போனேன்.

வடிவு பீடிக்கு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றாள். நான் சொல்ல நினைத்துப் போனது ஒன்று, வாயில் வந்தது ஒன்று. நீ என் வீட்டுக்காரியைப் பேச வைத்தாய், என்னால் தாங்க முடியவில்லை, தப்பு என்னுடையது, வா என்று சொன்னேன். அவளுக்குப் புரியவே இல்லை. நானா அம்மாவ பேச வைக்கேன்? அவியல்லா என்னய வாசிக்க வைக்காவ, எனக்குச் சொல்லிக் குடுக்காட்டா வேற ஆருக்குச் சொல்லிக் குடுப்பாவ என்றாள். அதைக் கேட்டபிறகு அங்கே நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து மாதமும் வசனத்தை நான் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி உன் அம்மா தலைக்கு மேலே வாசித்திருக்கிறேன். குறுக்கே ஒரு சொல் போட இடம் விடவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால்தான் என் வேலை நடக்கும் என்று ஒரு நாளாவது நான் இருந்ததில்லையே.

திங்கட்கிழமையிலிருந்து வடிவு வருகிறாள். வேதாகமத்தைக் கீழே இறக்கிக் கொடுத்தேன், என் நோட்டையும் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு எதற்கு. பாதியில் நின்ற சங்கீதத்தை முதல் நாளே முடித்துவிட்டார்கள், அம்மா எட்டுச் சொல் எடுத்துக் கொடுத்தாள். நேற்று நோட்டில் பதினொன்றாம் வசனம். நான் அதில் வேதத்தில் உன்னை என்று வருகிற இடத்திலெல்லாம் ரத்தினப்பூவை என்று சிவப்பு மையில் அம்மாவின் பேரை எழுதி வைத்திருந்தேன், சுகம் வேண்டுகிறவர்கள் பேரைப் போட்டு ஜெபித்தால் வசனம் அவர்களுக்கே சொன்னதாக இருக்கும் என்று. வடிவு அதைப் பார்த்துவிட்டு, என்ன அய்யா, வேதத்துக்குள்ள டீச்சரம்மா பேரு கெடக்கு என்று கேட்டாள். விவரம் சொன்னேன். சரி, இது அம்மாவுக்குள்ளது, அய்யாவுக்குள்ளது எது என்றாள். எனக்கு வியாதி ஒன்றும் இல்லையே என்றேன். உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணி, ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு இடது கை விரலை அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் வைத்து, தன் பேரை மறைத்துக்கொண்டு, அந்த இடத்தில், ஞா, னா, பரணம், என்று சொன்னாள்.

கலியாணமான நாளிலிருந்து ஏங்க என்றும், நீ பிறந்த பிறகு எப்சி அப்பா என்றும் கூப்பிட்டவள். என் பேர் அவள் வாயில் எப்படி இருக்கும் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன், பால் ஒன்றும் வைக்கவில்லை. ஆனாலும் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, என் பேரை அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வடிவைப் பார்த்து, எங்கே நீ சொல்லு என்கிற முகத்தோடுதான் சொன்னாள். வடிவும் என் பேரை இரண்டு தரம் எழுத்துக் கூட்டினாள். எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் எரிகிற வயிற்றோடே வடிவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், சர்க்கரையும் சரியாகத்தான் போட்டேன்.

நீ அங்கே வியாதிக்காரர்களுக்குச் செய்கிற ஒவ்வொரு வேலையிலும் கர்த்தர் உன் கையோடு கையாக இருப்பாராக. போகும்போதும் வரும்போதும் உன்னைக் காப்பாராக. அம்மா தன் இடது கையை இந்தத் தாளின்மேல் வைத்து ஆசீர்வதித்தாள், அந்த மூலையில் இருக்கிற சுருக்கம் அதுதான்.

ஒன்றை மறந்துவிடாதே. இனி உன் கடிதத்தை நான் வாசித்துக் காட்டுவதாக இல்லை. கவரின்மேல் அம்மா பேரை எழுது, உள்ளே எழுத்தைப் பெரிதாக, விலக்கி விலக்கி எழுது, வடிவு வாசிப்பாள், நான் கமிட்டிக்குப் போய்விட்டு மெதுவாக வருகிறேன். முடிவில் எப்சி என்று சுருக்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதே. எப்சிபாள் என்று ஞானஸ்நானப் பேரை முழுதாக எழுது. வடிவு அந்த இடத்தில் கண்டிப்பாகத் தடுக்குவாள். உன் அம்மா இன்னும் உன் பேரைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சா. ஞானாபரணம்